மழை விடைபெறும் நாள்

உழவன் மாரியைப் பார்த்து விதைத்தான். மீனவன் சோளகத்தையும் வாடையையும் பார்த்துத் தோணி தள்ளினான். அவ்வாறே, இமயமலைச் சாரலில் நடைப்பயணம் செல்வோர் ஒக்டோபர் மாதத்தை நம்பிப் புறப்பட்டனர்.

அந்நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. நேபாளத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை பெருமழை பெய்யும். மழை ஓய்ந்ததும் காற்றிலுள்ள தூசி கழுவப்பட்டு வானம் தெளியும். கொடுங்குளிரோ இன்னும் தொடங்கியிராது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில வாரங்களே மலைநடைக்கு உகந்தவை என்பது பல தலைமுறையினர் கண்ட அனுபவம். ஆயினும், அவ்வனுபவத்தை மட்டும் நம்பிப் புறப்படுதல் இன்று போதுமா?

மழை நேபாளத்தை விட்டு நீங்கும் நாள் செப்டெம்பர் 23 என்றே அந்நாட்டு வளிமண்டலவியல் திணைக்களம் நெடுங்காலம் கணித்து வந்தது. அண்மை ஆண்டுகளின் அளவீடுகளை ஆராய்ந்தபின், அந்நாளை ஒக்டோபர் 2 என மாற்றியமைத்தது. ஒன்பது நாள்தானே என்று எண்ணலாம். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 முதல் 28 வரை காத்மண்டுப் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெய்த பேய்மழையால் 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். பழைய கணிப்பின்படி அவை மழை ஓய்ந்திருக்க வேண்டிய நாட்கள்!

இதன் காரணத்தை மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வெப்பம் 1 பாகை செல்சியசு உயர்ந்தால், காற்று நூற்றுக்கு ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்க வல்லது. தாங்கிய நீரை அது எங்கேனும் இறக்கியே ஆகவேண்டும். மலை குறுக்கிடும் இடத்தில் காற்று மேலெழுந்து குளிர்ந்து, மழையாகவோ பனியாகவோ அதனைக் கொட்டிவிடுகிறது.

இத்துடன் வங்காள விரிகுடாவையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை நம் மூத்தோர் மறந்திரார். அதே கடலில் எழுந்த ஹுட்ஹுட் என்னும் புயல் 2014 ஒக்டோபர் 12இல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. இரண்டு நாட்களின் பின், அதன் ஈரம் அன்னபூர்ணா மலைப் பாதையில் 5,416 மீற்றர் உயரத்திலுள்ள தோரங் லா கணவாயில் பெரும்பனியாய் விழுந்தது. பயணிகளும், வழிகாட்டிகளும், மந்தை மேய்ப்போருமாக 40க்கு மேற்பட்டோர் அப்பகுதியில் உயிரிழந்தனர். பயணிகள் தேர்ந்து வந்ததோ ஆண்டின் மிகச் சிறந்த மாதம். ஒரு புயலை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறல் அறிவியல் முறையன்று. எனினும், வெப்பமேறிய கடல் புயலுக்கு மேலும் நீராவியை ஊட்டும் என்பதில் ஐயமில்லை.

பனிக்கட்டியாறுகளும் உருகுகின்றன. 2011 முதல் 2020 வரை அவை முந்திய பத்தாண்டினும் நூற்றுக்கு 65 வீதம் விரைவாகக் கரைந்தன என்று காத்மண்டுவிலுள்ள சர்வதேச மலை ஆய்வு நிலையம் 2023இல் அறிவித்தது. 2024 ஓகஸ்டில் பனிக்கட்டியாற்று ஏரிகள் உடைத்தெழுந்த வெள்ளம், டென்சிங் நோர்கே வளர்ந்த தாமே என்னும் சிற்றூரின் வீடுகளையும் பள்ளியையும் சிதைத்தது.

ஆதலால் மலைப்பயணமே வேண்டாமென்பது என் கருத்தன்று. திட்டமிடும் முறை மாறவேண்டும். பத்து நாட் பயணத்திற்குப் பத்தே நாள் விடுப்பெடுப்பது பிழை. இரண்டு மூன்று நாட்கள் கையிருப்பாக இருத்தல் வேண்டும். மலையில் இழந்த நாளை விரைந்து நடந்து ஈடு செய்ய இயலாது. 3,000 மீற்றருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மீற்றருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர் கூறும் விதி. அவசரப்படுவோர் புயலுக்குத் தப்பினும் உயர்மலை நோய்க்கு இரையாவர். கணவாயைக் கடக்குமுன், மலை வானிலையோடு வங்காள விரிகுடாவின் புயற்செய்தியையும் கேட்டறிதல் நன்று. எந்நிலையில் திரும்புவது என்பதைப் புறப்படுமுன்பே துணைவரோடு முடிவு செய்துகொள்ளல் அதனினும் நன்று.

பயணி அடுத்த ஆண்டும் வரலாம். வழிகாட்டியும் சுமை தூக்குவோனும் இவ்விளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ஈட்டும் கூலியைக் கொண்டே ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்கின்றனர். கூலியை இழக்க அஞ்சி அவர்கள் ஆபத்தை மறைக்க நேரலாகாது. திரும்பினாலும் கூலி முழுமையாக உண்டென்று முன்னரே உறுதி கூறுக. அவ்வுறுதி பெற்ற வழிகாட்டி, தயங்காமல் "இன்று வேண்டாம்" என்பான். அச்சொல்லைக் கேட்டு நடப்பவரே நல்ல பயணி.