கரணை பிடித்த கரங்களின் பிள்ளைகள்!

புதுவைக் கடற்கரையோரம் மாளிகைகள் நிற்கின்றன. செங்கல் சுமந்தவன் தமிழன். சுண்ணாம்பு குழைத்தவள் தமிழச்சி. வரைபடம் தீட்டியவன் மட்டும் வேறொருவன்! இந்நிலை நீடிக்கலாமா? கூடாது என்கிறோம். கரணை பிடித்த கரத்தின் பிள்ளை, வரைகோல் பிடிக்கட்டும்!

ஆனால் தோழர்களே, ஆசை போதாது, கணக்கும் வேண்டும். பொறியியல் நான்காண்டு, கட்டடக்கலை ஐந்தாண்டு. கூடுதல் ஓராண்டுக்குக் கட்டணமும் உண்டு, சோறும் உண்டு! பட்டம் பெற்றதும் பணமழை பொழியும் என்பர் தரகர். நம்பாதீர்! தொடக்க ஊதியம் சிறிது. தொழிலில் தேர்ந்த பின்னரே வருவாய் பெருகும்.

ஆகவே, வாயில் வளைவின் அழகில் மயங்கி, வட்டிக்கு வாங்கிக் கொட்டாதீர். பிள்ளை மேல்நிலை வகுப்பில் கணிதம் எடுக்கட்டும், ஜே.இ.இ. இரண்டாம் தாள் எழுதட்டும். திருச்சி, கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் இப்படிப்பு உண்டு. பட்டியல் இனத்தார்க்கும், ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்தார்க்கும் அங்கே கல்விக் கட்டணம் இல்லை! வேறெங்கு சேர்ந்தாலும், கட்டடக்கலை மன்றத்தின் ஏற்பு உண்டா எனக் கேளுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அம்மன்றத்தில் பதிவு பெறாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பலகை மாட்ட முடியாது.

ஆள்வோருக்கும் ஒரு சொல். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை எந்தக் கல்லூரியில் பயின்றாலும், ஐந்தாண்டுக் கட்டணத்தையும் அரசே ஏற்கட்டும். சலுகையா அது? இல்லை, கூலிப் பாக்கி!

1936 ஜூலை 30-இல், எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேர் குண்டுக்கு இரையான மண் இது. மறுஆண்டே அவ்வுரிமை வந்தது. வேலை நேரத்தை வென்றோம், கல்வியையும் வெல்வோம்!