துருப்பிடித்த பழைய 'ரேஸ்' கார்: தேற்றுவதா, எடைக்குப் போடுவதா?

கோவையில் பழைய பங்களாக்களின் கொட்டகையில் தென்னை மட்டைக்கும் உடைந்த பம்புசெட்டுக்கும் நடுவே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தூங்குவதைப் பார்க்கலாம். அப்பா அவிநாசி ரோட்டில் பறந்த வண்டி. இன்று சீட்டில் கோழி முட்டையிடுகிறது!

தேற்றலாமா, உக்கடத்தில் எடைக்குப் போடலாமா என்று மகன்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஹெரால்டு வெறும் குடும்பக் கார்தானே என்று தள்ளிவிட முடியாது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் 1961 முதல் 1971 வரை தயாரான வண்டி இது. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் 'டிரையம்ப் ஸ்பிட்பயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டினார்கள். சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டும் சீறிப் பாய்ந்தது. போதாததற்கு, இது கரிவர்தனின் ஊர். மாருதி 800 என்ஜினை வைத்தே 'பார்முலா மாருதி' பந்தயக் காரைக் கட்டியவர். 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். ஆசை வராமல் என்ன செய்யும்?

ஆசை வேறு, கணக்கு வேறு.

என்ஜினுக்காக யாரும் பயப்பட வேண்டாம். பீளமேடு, கணபதி பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்? சிலிண்டருக்கு ஸ்லீவ் இறக்கலாம், கிராங்க்கைக் கடைந்து வாங்கலாம், கிடைக்காத புஷ்ஷைப் புதிதாகவே செய்யலாம். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. "எல்லாம் பண்ணிப்போடலாமுங்க" என்று பட்டறையில் ஒரு வார்த்தை சொன்னதும் அட்வான்ஸ் கை மாறிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து என்ஜின் ஜோராகப் பாடும். உட்கார வைக்கத்தான் சட்டம் இருக்காது!

காந்தம் சொல்லும்

முதலில் பார்க்க வேண்டியது அடிச்சட்டம். ஹெரால்டில் சட்டம் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடியைத் தூக்கி வைத்துவிடலாம். பியட் அப்படியல்ல; அதில் பாடியே சட்டம், கதவுக்கு அடியில் அரித்தால் வண்டியே தொய்ந்துவிடும். ஆகவே ஹெரால்டில் கதவும் மட்கார்டும் சல்லடையாகக் கிடந்தாலும் மனம் தளர வேண்டாம். தகரத்தைத் தட்டி ஒட்டலாம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சட்டத்தையும் பாடியைத் தாங்கும் பக்கக் கைகளையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் சங்கதி மோசம். தூக்கும்போது கதவு இடுக்கு மாறினால் இன்னும் மோசம். பெயிண்ட் பளபளப்பை நம்பாமல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் புட்டி!

ஆர்.சி. எங்கே?

அடுத்தது காகிதம். பலர் இதைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். செத்துப்போன பெரியப்பா பேரில் ஆர்.சி., வாரிசுகள் நாலு பேர், ஒருவருக்கொருவர் பேச்சு கிடையாது. இப்படிப்பட்ட வண்டியில் பணம் போட்டவர் நாளைக்கு வக்கீலுக்கும் போட வேண்டும். சட்டத்தில் உள்ள எண்ணை வெட்டி வேறு சட்டத்தில் ஒட்டுவது அதைவிட வம்பு. போலீசுக்குத் திருட்டு வண்டி என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் 'வி.ஏ.' வரிசை நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஆபீசுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் ஆகியவற்றுக்குத்தான் ரோட்டில் இறங்கலாம். சட்டம், பாடி, என்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. மாருதி என்ஜினைத் திணித்து ஓட்டலாம் என்று யோசிப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

சட்டம் கெட்டி, காகிதம் சுத்தம் என்றால் தாராளமாகத் தேற்றலாம். ஒரே மூச்சில் இல்லாமல், பிரேக்கையும் பெட்ரோல் டாங்கையும் முதலில், பெயிண்டைக் கடைசியில்.

இரண்டில் ஒன்று கெட்டாலும் கை வைக்காதீர்கள். அப்போதும் உக்கடத்துக்கு ஓட வேண்டாம். பானெட், கண்ணாடி, மீட்டர், கதவுப் பிடி இவற்றுக்காக இன்னொரு ஹெரால்டுக்காரர் எங்கோ அலைந்துகொண்டிருப்பார். அவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தால் பழைய இரும்பு விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்; அப்பாவின் வண்டி பாதியாவது ரோட்டில் ஓடும்.