பூட்டிய கைப்பேசியும் மூன்று நாள் கெடுவும்

2025 ஏப்ரலில் ஜொகூர் மாநிலம் கூலாயில் 16 வயது மாணவன் ஒருவன் கைதானான். மாணவியரின் படங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆபாசப் படங்களாக்கி இணையத்தில் விற்றதாகப் புகார். இப்படிப்பட்ட வழக்குகளில் அசல் படம் எங்கிருந்து வந்தது, எந்தச் செயலியில் மாற்றப்பட்டது, யாருக்கு எப்போது போனது, பணம் எப்படி வந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை பெரும்பாலும் ஒரே ஒரு கைப்பேசிக்குள் கிடக்கும். அது பூட்டியிருந்தால் வழக்கே வாசலில் நின்றுவிடும்.

பூட்டிய கைப்பேசி என்றதும் பேச்சு கருவியின் பக்கம் போய்விடுகிறது. செல்பிரைட் வாங்கலாமா, கிரேகீ போதுமா, எந்தப் பதிப்பு எந்த மாடலைத் திறக்கும் என்பதே விவாதம். கருவி வேண்டும்தான். ஆனால் கைப்பேசி ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி முடிவு எழுதப்பட்டிருக்கும். எழுதுபவர் அதைக் கைப்பற்றிய அதிகாரி.

ஆன் செய்தபின் ஒருமுறையாவது கடவு எண் போட்டுத் திறந்த கைப்பேசி, பிறகு பூட்டியிருந்தாலும், குறியாக்கச் சாவிகளில் பலவற்றை நினைவகத்தில் வைத்திருக்கும். துறையில் இதை ‘ஏஎஃப்யூ’ நிலை என்கிறார்கள். அணைத்து மீண்டும் ஆன் செய்தால் அதே கைப்பேசி ‘பிஎஃப்யூ’ நிலைக்குப் போய்விடும். அப்போது சாவிகள் நினைவகத்தில் இருக்காது. கடவு எண் இல்லாமல் கிடைப்பது சொற்பம். ஆறு இலக்கக் கடவு எண்ணுக்குப் பத்து லட்சம் சாத்தியங்கள். தவறான முயற்சிகள் சேரச் சேர ஐபோன் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். உரிமையாளர் அந்த வசதியை இயக்கியிருந்தால் பத்தாவது தவறில் எல்லாத் தரவையும் அழித்துவிடும். ‘எதற்கும் அணைத்துவிடு, பத்திரமாக இருக்கும்’ என்று சோதனை நடக்கும் இடத்தில் நல்லெண்ணத்தோடு யாரோ சொல்லும் ஒரு வார்த்தை, பிறகு எந்தக் கருவிக்கு உரிமம் வாங்கினாலும் ஈடுகட்ட முடியாத இழப்பாகிவிடலாம்.

அணைக்காமல் வைத்திருந்தாலும் காலம் காத்திருப்பதில்லை. 2018 ஜூலையில் வந்த ஐஓஎஸ் 11.4.1, பூட்டி ஒரு மணி நேரமான ஐபோனின் யூஎஸ்பி வழித் தரவுத் தொடர்பை அடைத்தது. 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தால் முகமும் விரல்ரேகையும் செல்லாது. ஆய்வகத்தில் வைத்திருந்த ஐபோன்கள் தாமாகவே மறுதொடக்கமாவதைக் கண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் போலீசார் எச்சரிக்கை விடுத்த செய்தி 2024 நவம்பரில் வெளியானது. காரணம் ஐஓஎஸ் 18.1: மூன்று நாள் திறக்கப்படாத ஐபோன் தானே மறுதொடக்கமாகி பிஎஃப்யூ நிலைக்குப் போகிறது. சிக்னலைத் தடுக்கும் ஃபேரடே பையும் இந்த மறுதொடக்கத்தைத் தடுக்காது. 2025 ஏப்ரலில் கூகுளும் ஆண்ட்ராய்டுக்கு இதே மூன்று நாள் கெடுவை அறிவித்தது.

இதை மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவோடு வைத்துப் பார்க்க வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்கு முதல் தடுப்புக் காவல் அதிகபட்சம் நான்கு நாள். சந்தேகநபரின் முதல் தடுப்புக் காவல் முடியும் முன்பே அவருடைய கைப்பேசி கதவைச் சாத்திக்கொள்கிறது. ஆய்வுக்குக் கைப்பேசியைக் கோலாலம்பூருக்கு அனுப்புவதென்றால், ஜொகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ 330 கிலோமீட்டர். காரில் நான்கு மணி நேரப் பயணம் ஒன்றும் பெரிதல்ல. அதற்கு முன் கடிதமும் கையொப்பமும் தின்னும் நாட்களே பெரிது.

கடவு எண்ணைக் கேட்கலாமா? கேட்கலாம். 2012இல் சேர்க்கப்பட்ட 116பி பிரிவின்படி, இச்சட்டத்தின் கீழ் சோதனை நடத்தும் போலீஸ் அதிகாரிக்குக் கணினித் தரவை அணுக வழி தரப்பட வேண்டும். கடவுச்சொல்லும் குறியாக்க நீக்கச் சாவியும் அதில் அடக்கம். ஆனால் மறுப்பவருக்கு அந்தப் பிரிவு தனித் தண்டனை எதுவும் சொல்லவில்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் நிலைமை வேறு: அந்நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின் கீழ், அரசு வழக்கறிஞரின் அனுமதியோடு குறியாக்க நீக்கத் தகவலைக் கேட்கலாம்; தர மறுப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

‘இச்சட்டத்தின் கீழ் சோதனை’ என்ற சொற்களை அழுத்திப் படிப்பது நல்லது. 2019 நவம்பரில் துணை உள்துறை அமைச்சர் அஸிஸ் ஜம்மான், கைப்பேசிகளைச் சோதிக்கப் போலீசுக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றத்தில் சொன்னபோது எழுந்த கவலை நியாயமானது. அந்தரங்கமும் தனிமனித விடுதலையில் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறியிருக்கிறது. எந்தக் குற்றத்துக்காக, எந்தப் பிரிவின்படி கைப்பேசி திறக்கப்பட்டது என்பதைச் சொல்ல முடியாத தடயவியல் ஆய்வாளர், கூண்டில் ஏறும்போது வெறுங்கையோடுதான் ஏறுகிறார்.

இந்திய நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. விரேந்திர கன்னா வழக்கில் 2021 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், கடவுச்சொல் தருவது தன்னையே குற்றவாளியாக்கும் சாட்சியம் ஆகாது என்றது. 2022இல் டெல்லி சிறப்பு சிபிஐ நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஜொகூர் அதிகாரிகளுக்கு இந்தச் சர்ச்சையைவிடப் பயன்படுவது கன்னா தீர்ப்பின் நடைமுறைக் குறிப்புதான்: கைப்பேசியை ஃபேரடே பையில் வை, சார்ஜ் இறங்கவிடாதே. ஒரு நீதிபதி இதைத் தீர்ப்பிலேயே எழுத வேண்டியிருந்தது என்பதே களத்தின் நிலையைச் சொல்கிறது. பைக்குள் அடைபட்ட கைப்பேசி சிக்னலைத் தேடித் தேடி பேட்டரியைக் காலி செய்யும். கூடவே பவர் பேங்க் வைக்காத ஃபேரடே பை, கைப்பேசியை மெல்ல அணைத்துவிடும் பைதான்.

உள்ளடக்கம் மட்டுமே சான்று என்பதுமில்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 ஜூனில் குறைந்தது 30 ஆண்டு கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்ற நேரத்தில் குற்றவாளியின் கைப்பேசி ஃபிளைட் மோடில் இருந்தது என்ற சான்று, அவர் அப்போது வேறொருவரோடு பேசினார் என்ற ஐயத்தைத் தீர்க்க உதவியது. ஆகவே கைப்பற்றும் அதிகாரியே ஃபிளைட் மோடை இயக்கினால், அந்த நிமிடம் குறிப்பில் ஏற வேண்டும். இல்லையேல் அது சந்தேகநபரின் செயலாகவே படிக்கப்படும்.

ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கைப்பற்றி, திங்கள் காலை எட்டு மணிக்கு ஆய்வாளரின் மேசைக்கு வரும் கைப்பேசி 62 மணி நேரத்தை இழந்திருக்கும். மிச்சம் பத்து. பூட்டு நிலை, பேட்டரி அளவு, தனிமைப்படுத்திய நேரம், கடவு எண்ணைக் கேட்டவர் யார், எந்தப் பிரிவின் கீழ் என்ற விவரங்களைச் சான்றுப்பொருள் படிவத்திலேயே சேர்க்கப் பெரிய செலவில்லை. வார இறுதியில் அழைத்தால் வரும் ஆய்வாளர் ஒருவரை மாநிலத்திலேயே வைத்திருக்கச் செலவுண்டு. அந்தச் செலவை அடுத்த உரிமப் புதுப்பிப்புக்கு முன்னால் கேட்க வேண்டும்.