பழைய வரைபடமும் புதிய எண்ணெய்யும்

தென் அமெரிக்காவின் வடகிழக்கில் ஸ்பெயின் பேரரசு விட்டுச்சென்ற ஒரு மாகாணத்தின் எல்லை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் இரு நாடுகளை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது. கயானா நாட்டின் மூன்றில் இரண்டு பங்கான எஸ்ஸெக்கிபோ பகுதி தனக்கே உரியது என்கிறது வெனிசுலா. 2023 டிசம்பர் 3-இல் இதற்காக மக்கள் வாக்கெடுப்பு நடத்திய அந்நாடு, 2025 மே மாதம் அப்பகுதிக்கு ஓர் ஆளுநரையே தேர்ந்தெடுத்தது. ஆனால், அந்த மண்ணில் ஒரு வாக்குச்சாவடிகூட அமைக்கப்படவில்லை.

இந்த உரிமைக்கோரலின் வேர் 1777-இல் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 8-இல் ஸ்பெயின் அரசர் பிறப்பித்த ஆணை, குவயானா, குமானா, மரக்காய்போ, மார்கரிட்டா, டிரினிடாட் ஆகியவற்றைக் கராகஸின் தலைமையில் கொண்டுவந்தது. 1810-இல் நிலவிய நிர்வாக எல்லைகளே விடுதலை பெற்ற குடியரசுகளின் எல்லைகள் என்பது பின்னர் ஸ்பானிய அமெரிக்கா ஏற்றுக்கொண்ட கோட்பாடு. குவயானா மாகாணம் எஸ்ஸெக்கிபோ ஆறு வரை நீண்டிருந்தது. ஆகவே அது எங்களுடையது என்பதே வெனிசுலாவின் வாதம்.

காகிதத்தில் இருந்த மாகாணமும் களத்தில் இருந்த மாகாணமும் ஒன்றல்ல. எஸ்ஸெக்கிபோ ஆற்றோரத்தில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே டச்சுக்காரர்கள் நிலைகொண்டிருந்தனர். ஸ்பெயினின் ஆட்சியோ ஒரினோகோ கரையில் 1764-இல் நிறுவப்பட்ட அங்கோஸ்துரா நகரையும், கரோனி ஆற்றுப் பகுதியில் கப்புச்சின் துறவிகள் நடத்திய குடியிருப்புகளையுமே மையமாகக் கொண்டிருந்தது. 1810-இல் கராகஸ் கிளர்ந்தெழுந்தபோது குவயானா ஸ்பெயினின் பக்கமே நின்றது என்பது வரலாற்றின் முரண். 1817-இல்தான் அது விடுதலைப் படையின் கைக்கு வந்தது. அத்துறவிகளின் கால்நடை மந்தைகளே பொலிவாரின் படைக்கு உணவாயின.

வெனிசுலாவின் மனக்குறையை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1814-இல் டச்சுக்காரர்களிடமிருந்து எஸ்ஸெக்கிபோவைப் பெற்ற பிரிட்டன், தன் எல்லைக்கோட்டை மேற்கே நகர்த்திக்கொண்டே சென்றது. அத்திசையில் தங்கம் கிடைத்ததும் அதன் ஆர்வம் பெருகியது. 1899 அக்டோபர் 3-இல் பாரிஸில் கூடிய நடுவர் மன்றம் பெரும்பகுதியை பிரிட்டனுக்கே அளித்தது. அந்த ஐவரில் இருவர் பிரிட்டிஷார், இருவர் அமெரிக்கர், தலைவர் ரஷியர். வெனிசுலாவைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. தீர்ப்புக்குக் காரணமும் எழுதப்படவில்லை. அதன் பின்னணியில் பேரம் நடந்ததாக வெனிசுலா தரப்பு வழக்குரைஞர்களுள் ஒருவர் எழுதிய குறிப்பு, அவர் மறைவுக்குப் பின் 1949-இல் வெளியானது. எனினும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அத்தீர்ப்பை ஏற்றிருந்த வெனிசுலா, கயானாவின் விடுதலை நெருங்கிய 1962-இல்தான் ஐ.நா.வில் அதைக் கேள்விக்குள்ளாக்கியது.

ஆகவே இந்தப் பூசலை எண்ணெய் தோற்றுவிக்கவில்லை. அதற்குத் தீ மூட்டியிருக்கிறது. 2015-இல் கயானாவின் கடற்பரப்பில் எக்ஸான்மொபில் நிறுவனம் பெரும் எண்ணெய் வளத்தைக் கண்டறிந்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் இரண்டு கணக்குகளை முன்வைக்க விரும்புகிறேன். முதலாவது, வெனிசுலாவின் மண்ணடியில் சுமார் 30,000 கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. உலகில் இதுவே மிக அதிகம். ஆயினும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டைவிட்டு வெளியேறியிருக்கிறார்கள். அங்கே குறைவாக இருப்பது எண்ணெய் அன்று. அதை நேர்மையாக நிர்வகிக்கும் அமைப்புகளே. இன்னொரு நிலப்பரப்பைச் சேர்ப்பதால் அக்குறை தீராது.

இரண்டாவது, கயானாவின் 2016-ஆம் ஆண்டு ஒப்பந்தம். அதன்படி உரிமத்தொகை 2 சதவீதம் மட்டுமே. உற்பத்தியில் 75 சதவீதம் வரை நிறுவனங்கள் செலவுக்கென எடுத்துக்கொள்ளலாம். எஞ்சியதே சரிபாதியாகப் பங்கிடப்படுகிறது. அதாவது, செலவு ஈடுசெய்யப்படும் வரை அரசுக்குக் கிடைப்பது நூற்றுக்குச் சுமார் பதினான்கரைப் பங்கு. எல்லையைக் காப்பதில் ஒன்றுபட்டு நிற்கும் கயானாவின் கட்சிகள், இந்தக் கணக்கைத் திருத்துவதிலும் ஒன்றுபட வேண்டும்.

2018-இல் கயானா தொடுத்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று சர்வதேச நீதிமன்றம் 2020-இல் கூறிவிட்டது. வெனிசுலா அந்த அதிகாரத்தையே ஏற்க மறுக்கிறது. 1899-இல் ஒளிவுமறைவாக நீதி மறுக்கப்பட்டது என்பவர்கள், வெளிப்படையான மன்றத்தில் ஆதாரங்களை வைத்து வாதாடுவதே முறை. சிறிய நாட்டுக்குச் சட்டத்தைத் தவிர வேறு அரண் இல்லை என்பதையும் உலகம் மறந்துவிடக் கூடாது.

அரசர்களின் ஆணையும் நடுவர்களின் தீர்ப்பும் அப்பகுதியின் பூர்வகுடிகளை ஒருபோதும் கேட்டு எழுதப்பட்டவை அல்ல. 1838 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்களும் இன்று கயானாவின் குடிமக்கள்; சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களின் மரபினர் அவர்களுள் உண்டு. எல்லைக்கோடு எங்கு விழுந்தாலும், அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர்கள் அங்கு வாழும் இம்மக்களே. 1777-இன் வரைபடத்துக்கு அவர்களைத் தெரியாது. இன்றைய ஆட்சியாளர்கள் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.