சிக்னல் ஃபுல்... நெட் நில்!



வைஃபை சின்னத்தில் எல்லாக் கோடும் பளிச்சுன்னு இருக்கும். ஆனால் பேஜ் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க. பத்து நிமிஷம் ஓடும். அப்புறம் மறுபடி புட்டுக்கும்! இந்தக் கொடுமையை அனுபவிக்காதவங்க கை தூக்குங்க பார்ப்போம்... ஒருத்தரும் இல்லையா? ரைட்டு, இந்த வாரம் மேட்டர் அதுதான்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்க தெருவில் ஃபைனல் இயர் இன்ஜினீயரிங் படிக்கும் தம்பி ஒருத்தன் லேப்டாப்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்து நின்றான். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆன்லைன் ஆப்டிட்யூட் டெஸ்ட். வேலைக்கான முதல் ரவுண்டு. ஏற்கெனவே ஒரு கம்பெனி டெஸ்ட்டில் பாதியிலேயே நெட் கட் ஆகி, திரும்ப உள்ளே போவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்களாம்.

"நெட் போயிடுச்சுன்னு சொன்னா அப்பா நம்ப மாட்டேங்கிறாருண்ணா. 'படிக்காதவனுக்கு நெட் ஒரு சாக்கு'ன்னு சொல்லிட்டாரு" என்றான். சொல்லும்போதே குரல் உடைந்தது. இத்தனைக்கும் அதே அப்பாதான், மகனுக்காக 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக மாற்றியிருக்கிறார். மாசாமாசம் கூடுதல் காசு. ஆனால் பிரச்னை அப்படியேதான் இருக்கிறது!

இங்கேதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் பல்பு வாங்குகிறோம். ஸ்பீடு வேற, ஸ்டெடி வேற. தெருவுக்குப் பெரிய குழாய் போட்டாலும், வீட்டுக்குள்ளே ஹோஸ் ஓட்டையாக இருந்தால் செடிக்குத் தண்ணி போகாது இல்லையா? அதே கதைதான்.

எந்தப் பக்கம் அறுந்தது?

உங்க லேப்டாப்பில் இருந்து இன்டர்நெட்டுக்குப் போகிற பாதையில் ரெண்டு துண்டு உண்டு. லேப்டாப்பில் இருந்து ரூட்டர் வரைக்கும் காற்று வழி. ரூட்டரில் இருந்து வெளியே கம்பி வழி. எது அறுந்தாலும் நம்ம கண்ணுக்கு "நெட் போச்சு"தான். வைஃபை கோடுகள் காட்டுவது முதல் துண்டை மட்டும். அதையும் பலத்தை மட்டும்தான் காட்டும். இரைச்சல் எவ்வளவு, நெரிசல் எவ்வளவு என்று காட்டாது. அதனால்தான் சிக்னல் ஃபுல், நெட் நில்!

எந்தத் துண்டு என்று தெரியாமல் எதையும் தொடாதீங்க. கண்டுபிடிக்க அஞ்சே நிமிஷம் போதும். விண்டோஸில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று (ஆங்கில எழுத்தில்தான்!) டைப் அடிச்சு என்டர் தட்டுங்க. 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் 192.168.1.1 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். அதுதான் உங்க ரூட்டரின் வீட்டு விலாசம். இப்போ 'பிங்' என்று அடிச்சு, இடைவெளி விட்டு அந்த நம்பர், மறுபடி இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி 'டி' என்ற எழுத்து. என்டர். விநாடிக்கு ஒரு தடவை லேப்டாப் ரூட்டரைக் கூப்பிடும். பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆச்சு என்று வரிவரியாக வரும். நிறுத்த கன்ட்ரோலும் சி-யும். ஆப்பிள் லேப்டாப் என்றால் 'டெர்மினல்' திறங்க. அங்கே அந்தக் கடைசி 'டி' வேண்டாம்.

பக்கத்திலேயே இன்னொரு ஜன்னல் திறந்து, அதில் 8.8.8.8 என்ற நம்பருக்கு இதே மாதிரி ஓட விடுங்க. அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். வீட்டுக்கு வெளியே இருப்பது.

இப்போ ரெண்டையும் பாருங்க. முதல் ஜன்னலில் 2, 3, 5 என்று ஒழுங்காக ஓடி, ரெண்டாவதில் மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியே. முதல் ஜன்னலே தள்ளாடினால் கோளாறு நம்ம வீட்டுக்குள்ளே!

தம்பி ரூமில் உட்கார்ந்து ஓட விட்டோம். முதல் ஜன்னலில் 3, 4, 380, 4, 900, அப்புறம் டைம்டு அவுட். அடடா, இத்தனை நாள் திட்டு வாங்கிய சர்வீஸ்காரர் நிரபராதி!

அப்போதான் அவங்க அம்மா சொன்னாங்க: "மூணு தடவை ஆள் வந்து பாத்துட்டுப் போனாங்க தம்பி. அவங்க ஹால்ல நின்னு பாக்கும்போதெல்லாம் நல்லாத்தான் ஓடுது." சரிதானே? ஹாலில் நல்லா ஓடுவதும் உண்மை, ரூமில் ஓடாததும் உண்மை. வந்தவர் சோதிச்சது கம்பி வழியை. அறுந்து கிடந்தது காற்று வழி.

பீரோ போட்ட பூட்டு

லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கிட்டு வந்தோம். ரூட்டர் பக்கத்தில் வைத்ததும் 2, 3, 2, 3. பச்சைப் பிள்ளை மாதிரி சாது!

ரூட்டர் எங்கே இருந்தது தெரியுமா? ஷோகேஸில் டிவிக்குப் பின்னாடி, தரையில் இருந்து ரெண்டு அடி உயரத்தில். "பாக்க அசிங்கமா இருக்கு"ன்னு அம்மா ஒளிச்சு வைத்திருந்தாங்க. அதுக்கு நேர் பின்னாடி சுவர். சுவரின் அந்தப் பக்கம் கண்ணாடி பதிச்ச இரும்பு பீரோ. அதையும் தாண்டித்தான் தம்பி ரூம். செங்கல் சுவர் ரேடியோ அலையைக் குறைக்கும். இரும்புத் தகடு திருப்பியே அனுப்பிவிடும். மீன் தொட்டி, தண்ணி கேன் கூட அலையை உறிஞ்சும்.

ரூட்டரை ஷோகேஸ் மேல்தட்டுக்கு ஏற்றினோம். நல்லவேளை, கேபிள் சுருட்டி வைத்திருந்ததால் நீளம் போதும். ஃபைபர் கேபிள் என்றால் ஜாக்கிரதை மக்களே, உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடக்கினால் மொத்தமும் காலி.

ரூமில் திரும்பப் பார்த்தோம். 900 எல்லாம் காணோம். ஆனால் அப்பப்போ 150, 200 என்று துள்ளல் இருந்தது. டைம்டு அவுட்டும் எப்போவாவது எட்டிப் பார்த்தது. அப்போ இன்னொரு திருடன் இருக்கான்!

பக்கத்து வீட்டு இரைச்சல்

ரூட்டர் பேசுவது பெரும்பாலும் ரெண்டு அலைவரிசையில். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது தூரம் போகும், சுவரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் சந்தைக்கடை! பக்கத்து வீட்டு ரூட்டர்கள், ப்ளூடூத் இயர்போன், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அங்கேதான். யூஎஸ்பி 3 பென்டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் கூட அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஆய்வறிக்கை போட்டது. வைஃபை படுத்தும்போது செருகியிருப்பதைக் கழட்டிப் பாருங்க.

2.4-ல் நம்ம நாட்டில் 13 சேனல் உண்டு என்றாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓடுவது 1, 6, 11 மூணுதான். மொபைலில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்று போட்டுப் பார்த்தோம். தம்பி வீட்டு ரூட்டர் 11-ல். அதே 11-ல் அக்கம்பக்கத்து வீடுகள் இன்னும் ஏழு! ஒரே ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர்.

ரூட்டர் செட்டிங்ஸில் போய் (பிரவுசரில் அந்த கேட்வே நம்பரை அடிச்சாலே திறக்கும், பாஸ்வேர்டு ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) 2.4-ஐக் காலியாக இருந்த சேனல் 1-க்கு மாற்றி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்தோம். 40 வைத்தால் ரோடு முழுக்க நாமே அடைச்சுக்கிட்டுப் போகிற மாதிரி, இடிபடும். அடுத்து, ரெண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரிச்சு, 5-க்குத் தனிப் பெயர் வைத்தோம். ஒரே பெயராக இருந்தால் லேப்டாப் இங்கேயும் அங்கேயும் தாவிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் நெட் ஒரு கணம் செத்துப் பிழைக்கும்.

5-ல் ஒரு சின்னச் சிக்கல். அதில் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் சத்தம் கேட்டால் ரூட்டர் இடத்தைக் காலி பண்ணணும் என்பது பல நாடுகளில் விதி. நீங்க என்னடான்னா நெட் போச்சுன்னு தலையில் கை வைப்பீங்க. 36, 40, 44, 48 இந்த நாலில் ஒன்றைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. சுவர் ரெண்டுக்கு மேல் இருந்தால் 5 திணறும்; அப்போ 2.4-லேயே இருங்க.

தம்பி ரூமுக்கு 5 போதுமானதாக இருந்தது. 3, 4, 3, 5... நாற்பது நிமிஷம் அசையவே இல்லை!

தூங்குமூஞ்சி லேப்டாப்

"அண்ணா, சூப்பர்ணா!" என்று சார்ஜரைப் பிடுங்கினான். ரெண்டு நிமிஷம்தான். டைம்டு அவுட், டைம்டு அவுட்...

மூணாவது திருடன் லேப்டாப்புக்குள்ளேயே! பேட்டரியில் ஓடும்போது கரன்ட்டை மிச்சம் பிடிக்க, வைஃபை கார்டை விண்டோஸ் அப்பப்போ தூங்க வைக்கும். சில கார்டுகள் தூங்கி எழுந்ததும் ரூட்டரை அடையாளம் தெரியாமல் முழிக்கும்.

மருந்து: ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், 'டிவைஸ் மேனேஜர்', 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்', அதில் வைஃபை என்று போட்டிருப்பதன் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'பவர் மேனேஜ்மென்ட்'. கரன்ட் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாமா என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்க. சில புது லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது. அப்போ லேப்டாப் கம்பெனியின் சைட்டில் இருந்து புது வைஃபை டிரைவர் போடுங்க, முக்கியமான நேரத்தில் சார்ஜரிலேயே வையுங்க.

கவனிச்சீங்களா? ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே பிங் பார்ப்பது, பேப்பரில் குறிப்பது. நாலையும் ஒண்ணா மாத்தினால் எது மருந்து, எது சும்மா என்று கடைசி வரை தெரியாது.

உங்க வீட்டில் வேற மாதிரியா?

ரெண்டாவது ஜன்னல் மட்டும் தள்ளாடுதா? முதலில் வீட்டில் யாராவது மொபைல் போட்டோ பேக்கப், பெரிய ஃபைல் அப்லோடு ஓட விட்டிருக்காங்களா பாருங்க. அதை நிறுத்தியும் தள்ளாடினால், அந்த ஸ்க்ரீனை நேரத்தோடு போட்டோ பிடிச்சு சர்வீஸ்காரரிடம் காட்டுங்க. "நெட் சரியில்ல சார்" என்பதை விட அதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

ரூட்டரின் எல்லா விளக்கும் அணைந்து அணைந்து எரியுதா? பவர் அடாப்டர் சோர்ந்து போயிருக்கலாம். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்கணும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம்.

ஐபி நம்பர் 169.254 என்று ஆரம்பிக்குதா? ரூட்டர் உங்க லேப்டாப்புக்கு நம்பரே தரலை என்று அர்த்தம். அந்த வைஃபையை 'ஃபர்கெட்' பண்ணிட்டு, ரூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டு, புதுசா இணைங்க.

ஞாயிறு காலை பத்து மணி

இவ்வளவும் பண்ணிட்டு, டெஸ்ட்டுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வைஃபையே வேண்டாம்டா!"

ஆமாங்க. வாழ்க்கையை முடிவு பண்ணும் ரெண்டு மணி நேரத்தைக் காற்றில் விடக் கூடாது. லேன் கேபிள் ஒன்று ரூட்டரில் இருந்து லேப்டாப்புக்கு. 100 மீட்டர் வரைக்கும் அலட்டிக்காமல் போகும். லேப்டாப்பில் லேன் ஓட்டை இல்லையென்றால் யூஎஸ்பி-யில் செருகும் அடாப்டர் கிடைக்கும். கூடவே மொபைல் டேட்டாவை யூஎஸ்பி வயர் வழியாகத் தரத் தயாராக ஒரு போன். கேபிள் ஹாலின் குறுக்கே கிடக்க, அம்மா அதைத் தாண்டித் தாண்டி இட்லி கொண்டு போனாங்களாம்.

மத்தியானம் தம்பி வந்தான். "கட்டே ஆகலண்ணா. கணக்குல நாலு கேள்வி விட்டுட்டேன். ஆனா, இந்தத் தடவை விட்டது நான், நெட் இல்ல" என்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

அவங்க அப்பாவும் கூடவே வந்திருந்தார். தம்பி எழுதி வைத்திருந்த பிங் நம்பர் பேப்பரைக் கண்ணாடி போட்டுக்கிட்டு மேலிருந்து கீழ் வரைக்கும் படிச்சார். கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம், "அப்போ அன்னிக்கு இவன் சொன்னது நிஜம்தானா?" என்று என்னைக் கேட்டார். "நிஜம்தான் சார்" என்றேன். மகன் தோளில் கை போட்டபடி, "அந்த 200 பிளானைப் பழையபடி மாத்திடலாமாப்பா?" என்றார்.

உங்க வீட்டிலும் இப்படி யாராவது வீண் திட்டு வாங்கிக்கிட்டு இருக்கலாம் ஃப்ரெண்ட்ஸ். இன்னிக்கே ரெண்டு ஜன்னலைத் திறந்து பாருங்க.

அடுத்த வாரம்: லேப்டாப் ஃபேன் ஏன் ஆட்டோ மாதிரி கத்துது? வெயிட் பண்ணுங்க!