சைக்கிளில் யார் கில்லாடி? கேள்வியே தப்புங்க

"டூர் டி பிரான்ஸ் வீரரா? அயர்ன்மேன் ட்ரையத்லான் வீரரா? சைக்கிள் மிதிப்பதில் யார் பெஸ்ட்?"

இந்தப் பேச்சு வந்தாலே சராசரி வேகத்தை எடுத்துப் போட்டு தீர்ப்பு எழுதி விடுகிறார்கள்.

சரி. அதையே பார்ப்போம்.

டூர் டி பிரான்ஸின் சராசரி வேகம் சமீப வருடங்களில் மணிக்கு சுமார் 41 முதல் 43 கிலோமீட்டர்.

2018ல் ஹவாய் தீவின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப்பில், ஆஸ்திரேலியாவின் கேமரூன் வர்ஃப் 180 கிலோமீட்டரை 4 மணி 9 நிமிடத்தில் முடித்தார்.

மணிக்கு 43 கிலோமீட்டருக்கும் மேல்!
அதுவும் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி விட்டு வந்து.

அப்போ ட்ரையத்லான்காரர் தான் பெஸ்ட்டா?

அவசரப்படாதீங்க.

டூர் என்பது மூன்று வாரம். 21 கட்டங்கள். சுமார் 3400 கிலோமீட்டர். நடுவில் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள். இன்று மலையேறிய அதே கால்கள் நாளையும் ஏறணும். திடீரென ஒருவர் வேகமெடுத்தால் மூச்சு முட்ட துரத்தணும்.

ஆனால் அங்கே கூட்டமாகப் போகலாம். சமதளத்தில் சைக்கிள்காரரின் பெரிய எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றை வெல்ல எட்டு மடங்கு சக்தி வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டால் பெரும் மிச்சம்.

அயர்ன்மேனில் அது கூடாது. ஒட்டிப் போனால் தண்டனை. மொத்தக் காற்றையும் தனியாளாக வாங்கணும்.

இன்னொன்று, சைக்கிளை விட்டு இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓடணும். தசையில் உள்ள கிளைகோஜனை எல்லாம் சைக்கிளிலேயே எரித்து விட்டால் ஓட்டத்தில் கால் கெஞ்சும்.

வர்ஃப் தொழில்முறை சைக்கிள் அணிகளிலும் ஓட்டியவர். கோனாவில் அன்றைய சைக்கிள் சாதனை அவருடையது. ஆனால் மொத்தப் போட்டியில் 9வது இடம். ஜெயித்தது ஓட்டத்தில் புலியான ஜெர்மனியின் பேட்ரிக் லாங்கே.

மறுபக்கமும் பாருங்கள். அமெரிக்க ட்ரையத்லான் வீராங்கனை டெய்லர் நிப், 2024ல் அந்நாட்டு சைக்கிள் டைம் ட்ரையல் சாம்பியன் ஆனார். தனியாளாக கடிகாரத்தோடு மோதும் போட்டி என்பதால் அவரது பயிற்சி அங்கே கைகொடுத்தது.

ஆக, உடம்பு ஒரு நேர்மையான மாணவன். எதைத் தினமும் கேட்கிறோமோ அதற்குத் தயாராகும். கேட்காததைத் தராது.

எனவே என் கருத்து,
"யார் வேகம்?" என்று கேட்காதீர்கள்.
"எந்த வேலைக்கு, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன?" என்று கேளுங்கள்.

இதை ஒரு மருத்துவராக ஏன் எழுதுகிறேன்?

ஆப்பில் நண்பர் 30 என்று போட்டார், நான் 18 தானே என்று சைக்கிளை ஓரம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த 30ஐ எட்டியே தீருவேன் என்று நெஞ்சு அழுத்துவதைக் கூட பொருட்படுத்தாமல் மிதிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர் வயது வேறு. தூக்கம் வேறு. ரோடு வேறு. அன்று காற்று அடித்த திசை கூட வேறு.

உங்கள் 18ஐ உங்கள் போன மாத 16ஓடு ஒப்பிடுங்கள்.

மிதிக்கும் போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வாருங்கள்.

வேகத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.