கைதட்டலுக்கும் பங்கு உண்டு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மனிதன் கண்டுபிடித்த ஊர்திகளுள் மிதிவண்டியைப் போல் ஏழைக்கு உற்ற தோழன் வேறொன்று இல்லை. பால்காரருக்கும், தபால்காரருக்கும், ஐந்து கல் தொலைவிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கும் அதுவே துணை. அதற்குப் பெட்ரோல் வேண்டாம், உரிமம் வேண்டாம். அத்தகைய சாதுவான ஊர்தியின் மீதேறி உயிரைப் பணயம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி நின்று கைதட்டுபவர்களும் இருக்கிறார்கள். முதலாமவரைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இரண்டாமவரைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். காரணம், நானும் அவர்களுள் ஒருவன்.

1980-களில் எங்கள் ஊர்ப் பொட்டலில் நடந்த 'சைக்கிள் சுற்றும்' நிகழ்ச்சியைப் பற்றி என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அன்று அது பெரிய பொழுதுபோக்கு. பொட்டலின் நடுவே ஒரு கம்பம். அதில் ஒலிபெருக்கியும் குழல்விளக்கும். அந்தக் கம்பத்தைச் சுற்றி ஒருவர் தரையில் கால் ஊன்றாமல் மூன்று நாள், ஐந்து நாள், சில ஊர்களில் ஏழு நாள் சுற்றுவார். உண்பதும் குளிப்பதும் வண்டியின் மேலேயேதான். மாலையானால் திரைப்பாட்டுக்கு ஆட்டம் நடக்கும். மார்பிலே குழல்விளக்கை உடைப்பார்கள். குழி தோண்டி ஆளைப் புதைத்து எடுப்பார்கள். கூட்டம் சீழ்க்கை அடிக்கும். அன்பளிப்பு ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்கள். கொடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கும்.

"மூன்றாம் நாள் இரவு அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டே சுற்றினார். நாங்கள் தூங்கவிடக் கூடாதென்று தகரத்தைத் தட்டினோம்" என்றார் தந்தையார். அப்போது அது அவருக்கு விளையாட்டாக இருந்ததாம். இப்போது சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

தூக்கமின்மை உடலுக்கு என்ன செய்யும் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் அளந்து காட்டினார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் மோட்டார் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம்தான். ஒரே நாள் விழிப்புக்கே இந்தக் கதி என்றால், மூன்று நாள் விழித்தவரை என்னென்பது! சாலையில் தள்ளாடுபவரைப் பிடித்துக் கொடுக்கும் நாம், பொட்டலில் தள்ளாடுபவருக்கு மாலை போட்டோம்.

இது நம் கிராமத்து அறியாமை மட்டும் என்று எண்ண வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க, ஐரோப்பிய சர்க்கஸ்களில் செங்குத்தான வட்டப் பாதைக்குள் தலைகீழாக மிதிவண்டி ஓட்டும் சாகசம் நடந்தது. நம் பாடநூல் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வட்டத்தின் ஆரம் 3 மீட்டர் எனில், உச்சியிலிருந்து விழாதிருக்க, அடியில் நுழையும்போது மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்தக் கணத்தில் 60 கிலோ எடையுள்ளவர் 360 கிலோ எடையுள்ளவர் போல் அழுந்துவார். வேகம் சற்றுக் குறைந்தால் உச்சியில் பாதை அவரைக் கைவிடும். இயற்கை விதிக்குக் கருணை இல்லை. கூட்டத்தின் ஆரவாரத்தை அது கேட்பதும் இல்லை.

பயிற்சியும் பாதுகாப்பும் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த போட்டியில், இங்கிலாந்து வீரர் ஸ்டீபன் மர்ரே மிதிவண்டியோடு காற்றில் பின்புறமாக இருமுறை கரணமடிக்க முயன்று விழுந்தார். தோளுக்குக் கீழே அவர் உடல் செயலிழந்தது. உலகப் புகழ் பெற்ற வீரர் அவர். யானைக்கும் அடி சறுக்கும் என்றால், பூனைகளாகிய நாம் எம்மாத்திரம்?

இனி என் கதைக்கு வருகிறேன். நாங்கள் பதினோராம் வகுப்பில் படித்தபோது அரசு தந்த விலையில்லா மிதிவண்டி எங்களுக்கு வந்தது. ஊர்க் கால்வாய்ப் பாலத்தின் சரிவில், என் நண்பன் இருக்கையின் மேல் ஏறி நின்று இரு கைகளையும் விரித்தபடி இறங்கினான். ஒரு முறை நன்றாகவே இறங்கினான். கைப்பேசியில் படம் பிடித்தவன் நான். படம் சரியாக விழவில்லை. "இன்னொரு தடவைடா!" என்றேன். அவன் ஒரு கணம் தயங்கினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மீண்டும் ஏறினான்.

இரண்டாம் முறை கைப்பிடியின் முனை அவன் வயிற்றில் குத்தியது. வெளியே சிறு சிராய்ப்புத்தான். உள்ளே மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை. ஊரார் "கொழுப்பெடுத்துப் போய் விழுந்தான்" என்று அவனைத்தான் ஏசினார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொதுமக்களின் மனப்பான்மை இதுதான். விழும்வரை வீரன், விழுந்தபின் மூடன். இடையில் தாம் தட்டிய கையை எல்லோரும் மறைத்துக்கொள்கிறார்கள்.

சாகசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. துணிவில்லாத சமுதாயம் வளராது. ஆனால் துணிவு எது, பலியாவது எது என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. 'வேண்டாம்' என்று தோன்றும் கணத்தில் அவனால் இறங்க முடிகிறதா? முடிந்தால் அது சாகசம். பொட்டலில் சுற்றியவரால் இறங்க முடியவில்லை. இறங்கினால் அன்றைய வருமானம் போயிற்று. என் நண்பனால் இறங்க முடியவில்லை. இறங்கினால் எங்கள் சிரிப்பு காத்திருந்தது. இருவரின் கால்களையும் கட்டியது நாம்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச்சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டம் பெரும்பாலும் விபத்துக்குப் பின்னரே வந்து சேர்கிறது. முன்னரே அங்கு நிற்பவர்கள் நாம்.

நம் விளையாட்டு விழாக்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டு. கால் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்கே பரிசு. வண்டி சாயும் பக்கமே கைப்பிடியைத் திருப்பி, ஒவ்வொரு நொடியும் சமநிலை காக்கும் அந்தத் திறமை எளிதன்று. தவறினால் கால் ஊன்றலாம், உயிர் போகாது. அதற்கு நாம் கைதட்டுவது மிகக் குறைவு. நம் கைகள் எதற்காகத் தட்டுகின்றன என்று எண்ணிப் பார்க்க இந்த ஒன்று போதும்.

மாணவத் தோழர்களே! நாளை உங்கள் நண்பன் ஒருவன் பாலத்தின் மேல் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பான். அவன் கேட்பது புகழ் மட்டுமன்று, சில வேளை அனுமதியும்தான். இறங்கிவர ஓர் அனுமதி. "போதும், இறங்குடா" என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.